வாய் கொஞ்சம் கோணல்

தமிழாம்மா நீங்க? போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. அப்பாடா. மூணு மணி நேரமா இந்த நாற்காலியில உக்காந்து ஒரு தமிழ்ச் சத்தம் கேக்காதான்னு இருக்கேன். சென்னை விமானந்தானே உங்களுக்கும்? இந்தக் கதவுதானே? அந்தப் பலகையில எழுத்து மாறி மாறி ஓடுது. நான் இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கூட்டி முடிக்கிறதுக்குள்ள அது ஓடிப் போயிடுது. எந்திரிச்சுப் போனா இடம் போயிடுமோ, உக்காந்தே இருந்தா விமானம் போயிடுமோன்னு ஒரே பதைப்பு. நீங்க எந்திரிக்கும்போது என்னையும் ஒரு வார்த்தை கூப்பிட்டுடுங்க.

காரைக்குடியா? அப்ப எங்க பக்கந்தான். எனக்கு மானாமதுரைக்குத் தெக்க. பேரு பஞ்சவர்ணம். மக பேறுகாலத்துக்குன்னு நைஜீரியாவுல இலோரின்னு ஒரு ஊருக்குப் போயிட்டு ஆறு மாசம் கழிச்சுத் திரும்புறேன். பேத்தி. நல்லா இருக்கா. பிறக்கும்போதே மூணு கிலோ.

உங்களைப் பார்த்தா நாலு இடம் போய் வந்தவங்களாத் தெரியுது. ஒரு நியாயம் சொல்லுங்க. ஒரு பொம்பளை, அம்பத்திரண்டு வயசுல, பிறந்ததிலிருந்து முதல் தடவையா ஒரு பானை செய்யுறா. அதைப் பார்த்துட்டு கட்டின புருஷன் என்ன சொல்லணும்? நல்லாருக்குன்னு சொல்லலாம். சொல்லப் பிடிக்கலைன்னா சும்மா இருக்கலாம். எங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "வாய் கொஞ்சம் கோணல்"னார்.

கோணலே இல்லைம்மா. போனைப் பிடிச்சிருந்த மாப்பிள்ளை கைதான் கோணல்.

இருங்க, முதல்ல இருந்து சொல்றேன். இல்லாட்டி நான் என்னமோ சண்டைக்காரின்னு நினைச்சுக்குவீங்க.

நாங்க வேளார். பானை செய்யுற சனம். எங்க வீட்டுக்காரர் சக்கரத்துல கை வச்சா மண்ணு சொன்னபடி கேக்கும். அதுல குறை சொல்ல மாட்டேன், வேற எதுல வேணாலும் சொல்லுவேன். நான் அஞ்சாங்கிளாஸ்ல பள்ளிக்கூடத்தை விட்டுட்டு மண்ணு மிதிக்க வந்தவ. பிறந்த வீட்டுலயும் மண்ணு, புகுந்த வீட்டுலயும் மண்ணு. கண்மாயில வெட்டிச் சுமந்து வந்து, காய வச்சு, கல்லு பொறுக்கி, சலிச்சு, தண்ணி விட்டு மிதிச்சு, வெண்ணெய் மாதிரி ஆக்கி அவர் கைக்கு எட்டுற தூரத்துல வைக்கிறது வரைக்கும் என் வேலை. அப்புறம் செஞ்ச பானையை வெயிலுக்கும் நிழலுக்கும் தூக்குறது, சூளை அடுக்குறது, சந்தைக்குக் கொண்டு போறது, அதுவும் என் வேலை. நடுவுல சக்கரத்துல உக்காருறது மட்டும் அவர் வேலை. எங்க சனத்துல பொம்பளை சக்கரத்தைத் தொடக் கூடாது. தொட்டா என்ன ஆகும்னு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டா, கேட்டதுக்கே ஏதாவது ஆயிடுமோன்னு பயம்தான்.

சரி, இலோரினுக்கு வாங்க. மாப்பிள்ளை தினகரன் அங்க ஒரு பிஸ்கட் கம்பெனியில மெஷின் பார்க்கிறார். அவரும் வேளார்தான், ஆனா அவங்க வீட்டுல மூணு தலைமுறையா யாரும் மண்ணைத் தொட்டதில்லை. தங்கமான பிள்ளை. அத்தைன்னா கொஞ்சம் கூடுதலாப் பிரியம். அதுதான் பின்னால வினையாச்சு. மக கோமதிக்கு அப்ப ஏழாம் மாசம். சாயங்காலம் நடக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. நானும் கூடப் போனேன். பள்ளம் இருக்கு பாரு, நாய் வருது பாரு, மோட்டார் சைக்கிள்காரன் குருட்டுத்தனமா வர்றான் பாருன்னு சொல்லிக்கிட்டே நடந்தேன். "அம்மா, டாக்டர் என்னைத்தான் நடக்கச் சொன்னாங்க, உன்னைப் பேசச் சொல்லலை"ன்னா. பொண்ணு வளர்த்த லட்சணம்.

நாலாம் நாள் ஒரு தெருவுல திரும்பினோம். தட், தட்னு ஒரு சத்தம். எனக்குத் தெரியாத சத்தமா? மண்ணை அடிக்கிற சத்தம். எட்டிப் பார்த்தா பெரிய முற்றம். பத்துப் பன்னிரண்டு பொம்பளைங்க. அத்தனை பேரும் பானை செய்யுறாங்க. ஒரு ஆம்பளை கிடையாது. சக்கரமும் கிடையாது!

எப்படிச் செய்யுறாங்கங்கிறீங்க? ஒரு பழைய பானையைக் கவுத்து வச்சு, மண்ணை அடையாத் தட்டி அதுமேல போர்த்தி அடிக்கிறாங்க. அதுதான் அடிப்பாகம். அது கொஞ்சம் இறுகினதும் எடுத்து நிமித்தி வச்சு, மண்ணைக் கயிறாத் திரிச்சு, முறுக்குச் சுத்துற கணக்கா மேல மேல ஏத்துறாங்க. சரி, வாய் பிடிக்கணுமே? பானை சுத்தாதே? அதனால இவங்க சுத்துறாங்க. இடுப்பை வளைச்சு, ஈரத்துணியை விளிம்புல பிடிச்சுக்கிட்டு, பின்பக்கமா நடந்து பானையைச் சுத்திச் சுத்தி வர்றாங்க. எனக்குப் பார்க்கும்போதே தலை கிறுகிறுன்னு வந்துச்சு.

"கூறுகெட்ட வேலை"ன்னு கோமதிகிட்டச் சொன்னேன். சொல்லிட்டு அங்கேயே உக்காந்துட்டேன். ஏன்னா பக்கத்துல மண்ணு குவிச்சிருந்தாங்க, அதுல கல்லு கிடந்துச்சு. கல்லு கிடக்குற மண்ணைப் பார்த்துட்டு எப்படிம்மா சும்மா போறது? பொறுக்க ஆரம்பிச்சேன். யாரும் என்னை ஏன்னு கேக்கலை. இருட்டுற நேரத்துக்குக் கோமதிதான் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தா.

அந்த முற்றத்துல பெரியவங்க இயா சிக்கிரா. இயான்னா அம்மா. அங்க பிள்ளை பெத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, இன்னாரோட அம்மாம்பாங்க. நானும் ரெண்டே நாள்ல இயா கோமதி ஆயிட்டேன். இயா சிக்கிராவுக்கு அறுபது வயசிருக்கும். தோள் ரெண்டும் உரல் மாதிரி. சிரிச்சா அடுக்கி வச்ச பானையெல்லாம் அதிரும். அவங்க மருமக மொய்னா இங்கிலீஷ் படிச்ச பொண்ணு. இயா சிக்கிரா அவங்க பாஷையில சொல்றதை மொய்னா இங்கிலீஷ்ல கோமதிக்குச் சொல்லுவா, கோமதி தமிழ்ல எனக்குச் சொல்லுவா. நான் யாரையாவது திட்டினாலும் அதே வழியாத்தான் போகணும். போய்ச் சேர்றதுக்குள்ள திட்டு ஆறிப் போயிடும்.

மரியாதைக்குக் குறைச்சல் கிடையாது. மொய்னா முதல் நாள் என் முன்னால முழங்கால் போட்டா. கம்மல் திருகாணி விழுந்துடுச்சு போலன்னு நானும் குனிஞ்சு தேடினேன். அது வணக்கமாம்.

ஒரு நாள் இயா சிக்கிரா கேட்டாங்க, உங்க ஊர்லயும் பானை உண்டான்னு. எங்க கோமதி இருக்காளே, உள்ளதை உள்ளபடி சொல்ற பொண்ணு, "எங்கப்பா பானைதான் செய்யுறார்"னு சொல்லிட்டா.

முற்றமே நின்னு போச்சு. அப்புறம் வந்துச்சு பாருங்க சிரிப்பு. ஒருத்தி மண்ணுலயே சாஞ்சுட்டா. "ஆம்பளையா? பானையா?" இன்னொருத்தி கேக்குறா, "அவருக்குக் கால் சரியில்லையா?" இன்னொருத்தி, "அவங்க அம்மாவுக்குப் பொண்ணே பிறக்கலை போல. பாவம், இவரைப் பழக்கிட்டாங்க." கோமதி ஒண்ணு விடாம எனக்குத் தமிழ்ல சொல்றா, சிரிப்பை அடக்கிக்கிட்டு.

இயா சிக்கிரா மட்டும் சிரிக்கலை. அதுதான் ரொம்ப மோசம். எந்திரிச்சு வந்து, மண்ணுக் கையால என் கன்னத்தைத் தொட்டு, ஒரு பார்வை பார்த்தாங்க. துக்க வீட்டுல பார்க்கிற பார்வை. மறுநாள் போனா எனக்குன்னு தனியா ஒரு தட்டுல வடை. தட்டப்பயறு அரைச்சுச் சுடுறாங்க, அக்கராம்பாங்க. நல்லாத்தான் இருக்கு, ஒரு கல்லு உப்புக் கம்மி. ஆனா எதுக்குக் கொடுத்தாங்க? பொம்பளை வேலை செஞ்சு பிழைக்கிற புருஷனைக் கட்டினவ, பாவம் தின்னட்டும்னு கொடுத்தாங்க! எங்க ஊர்ல அவர் சூளை பிரிக்கிற அன்னைக்கு நாலு ஊர் வியாபாரி வந்து கைகட்டி நிப்பாங்க. அவருக்குக் கால் சரியில்லையாம்.

எனக்குப் பொறுக்கலை. வடையை முழுங்கிட்டு, "கோமதி, நீ தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லு. பானை செய்யுறது நான். உங்கப்பா மண்ணு சுமந்து தர்றவர்னு சொல்லு"ன்னேன்.

"அம்மா!"

"சொல்லுடீ."

"உன் பொய்யை நான் இங்கிலீஷ்ல சொல்லணுமா?"

"தமிழ்ல சொன்னா அவங்களுக்குப் புரியாதே."

முறைச்சுக்கிட்டே சொன்னா. அவ்வளவுதான், எல்லாருக்கும் முகம் மலர்ந்து போச்சு. கை தட்டினாங்க. "அப்படிச் சொல்லு! அதானே பார்த்தோம்!" இயா சிக்கிரா என்னை ஒரு மாதிரியாப் பார்த்தாங்க, தலையைச் சாய்ச்சு. அப்புறம் சொன்னாங்க: "அப்ப சரி. பிறக்கப் போற பிள்ளையைக் குளிப்பாட்டுற தண்ணிக்கு ஒரு பானை செய், உன் கையால. பேர் வைக்கிற அன்னைக்கு எல்லாரும் பார்க்கணும். எங்க தீயில வச்சுத் தர்றோம்."

"செஞ்சிருவேன், ஆனா சக்கரம் இல்லாம எனக்குக் கை வராது"ன்னு சொன்னேன். சக்கரம்னா என்னன்னு கோமதி கையால சுத்திக் காட்டினா. இயா சிக்கிராவுக்கு நம்ப முடியலை. "பானை தானாச் சுத்துமா? நீ உக்காந்திருப்பியா? சோறும் சுத்தி வந்து வாயில விழுமா உங்க ஊர்ல?"

பேசட்டும்னு விட்டுட்டேன். சக்கரம் அந்த ஊர்ல கிடையாது, அதனால தப்பிச்சேன்னு நினைச்சேன். தினமும் போவேன். எதுக்குப் போனேன்னா, அவங்க செய்யுற தப்பையெல்லாம் யாராவது பார்க்கணுமில்லையா? மண்ணைக் காலால மிதிக்காம கட்டையாலயே குத்துறாங்கன்னு நானே இறங்கி மிதிச்சேன். சூளை கிடையாதும்மா அவங்களுக்கு! வெட்டவெளியில பானையை அடுக்கி, மேல சுள்ளி, பட்டை, காய்ஞ்ச புல்லு போட்டு, போகிக்குக் கொளுத்துற மாதிரி கொளுத்துறாங்க. அனலோட ஒவ்வொரு பானையையும் கம்பால தூக்கி எடுத்து, ஏதோ ஒரு பழுப்புத் தண்ணியை விளாசுறாங்க. அந்தத் தண்ணியில நெத்து ஊறிக்கிட்டிருந்துச்சு. புளிதான்னு நினைச்சேன். ஊரை விட்டு வந்து நல்ல புளி கண்ணுல படலை, ஆசையா விரலை விட்டு நக்கிட்டேன். ஏதோ மரத்துக் காயோட தோலாம். நாக்கு சுருண்டு அன்னைக்கு முழுக்கப் பேச்சு வரலை. கோமதி அந்த மரத்து விதையை ஊருக்கு வாங்கிட்டுப் போகலாம்மான்னா.

மூணு வாரம் இப்படிப் போச்சு. அப்பத்தான் மாப்பிள்ளை பிரியம் காட்டினார். ஒரு நாள் சாயங்காலம் முற்றத்து வாசல்ல கம்பெனி வண்டி வந்து நிக்குது. ரெண்டு பேர் எதையோ தூக்கி இறக்குறாங்க. லாரிச் சக்கரத்து இரும்பு வட்டு, கீழே பேரிங் போட்டு, மேல பலகை பொருத்தி, பெயிண்ட் வேற அடிச்சு... "அத்தை, சக்கரம்! நீங்க சக்கரம் இல்லாமக் கஷ்டப்படுறீங்கன்னு கோமதி சொன்னா." நான் கோமதியைப் பார்த்தேன். அவ ஆகாயத்தைப் பார்த்தா.

அத்தனை பேரும் முக்காலியைத் தூக்கிட்டு வந்து சுத்தி உக்காந்துட்டாங்க. கூத்துப் பார்க்கிற மாதிரி. ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கிட்டே முன்வரிசையில.

"இன்னைக்குச் செவ்வாக்கிழமை, புதுச் சக்கரம் தொடக் கூடாது"ன்னேன்.

"அத்தை, இன்னைக்கு வியாழன்"ங்கிறார் மாப்பிள்ளை.

"கற்பூரம் காட்டாமத் தொட்டா ஆகாது."

"கொண்டு வந்திருக்கேன் அத்தை." சட்டைப் பையிலேருந்து எடுக்கிறார்! இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்கும்மா கிடைப்பார்?

கற்பூரம் எரிஞ்சு முடிஞ்சுது. மொய்னா நான் மிதிச்ச மண்ணையே உருட்டி நடுவுல வச்சா. மாப்பிள்ளை சக்கரத்தை ஒரு சுத்துச் சுத்திவிட்டார். நல்லாத்தான் சுத்துச்சு, சத்தமே இல்லாம. அவ்வளவு பேரும் என் கையைப் பார்க்கிறாங்க. நான் கையை நீட்டினேன். ஒரு சாண் தூரம் இருக்கும். அப்ப நிமிந்து பார்த்தா எதிர்ல கோமதி, எட்டு மாச வயித்தோட, ஒரு கையை இடுப்புல வச்சு நிக்கிறா.

தொட்டா என்ன ஆகும்னு யாரும் சொன்னதில்லைன்னு சொன்னேனில்லையா? ஒண்ணும் ஆகாதுன்னும் யாரும் சொன்னதில்லையேம்மா. எனக்கு ஆனா ஆகட்டும். அவளுக்கு ஆனா? அவ வயித்துல இருக்கிறதுக்கு ஆனா? கை தானா மடிக்குள்ள வந்துடுச்சு. அழுகை வந்துடுச்சு. அத்தனை பேர் முன்னால, மாப்பிள்ளை முன்னால, முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுறேன்.

"கோமதி, சொல்லிடுடீ. எங்கம்மா பொய் சொன்னா, அவளுக்குப் பானை செய்யத் தெரியாது, அவ வெறும் மண்ணு மிதிக்கிறவன்னு சொல்லிடு."

நான் சொன்னது அவ்வளவுதான், நாலு வார்த்தை. ஆனா கோமதி பேசினா, பேசினா, அஞ்சு நிமிஷம் பேசினா. மொய்னா கண்ணைத் துடைச்சுக்கிட்டே மாமியாருக்குச் சொல்றா. என்னத்தைச் சொன்னாளோ, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டா, "நீ சொன்னதைத்தான் சொன்னேன்"ங்கிறா. நான் பொய் சொன்னதையே அஞ்சு நிமிஷத்துக்கு விரிச்சிருப்பா, வேறென்ன?

இயா சிக்கிரா எந்திரிச்சு வந்தாங்க. என் காலைப் பிடிச்சு, குதிகாலைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினாங்க. வெடிச்ச குதிகால், எனக்கு மானம் போச்சு. "முதல் நாளே தெரியும். கல்லு பொறுக்கினியே, அப்பவே தெரியும், உனக்கு மண்ணு தெரியும், பானை தெரியாதுன்னு. எப்பச் சொல்லுவேன்னு பந்தயம் கட்டியிருந்தோம். மொய்னா ஜெயிச்சுட்டா"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் மூக்கைச் சிந்திக்கிட்டே சிரிச்சு வச்சேன். பந்தயம் கட்டியிருக்காங்க பாருங்க என்னை வச்சு!

அப்புறம் அந்தச் சக்கரத்தைக் காலால ஒரு ஓரமாத் தள்ளிட்டு, பழைய பானை ஒண்ணைக் கவுத்து என் முன்னால வச்சாங்க. "இதைத் தொட்டா உன் ஊர்ல ஏதாவது ஆகுமா?"

யோசிச்சுப் பார்த்தேன். எதுவும் ஆகாது. கவுந்த பானையை நான் தினமும் தொடுறவ.

இருபது நாள் ஆச்சு. முதல் ரெண்டு பானை அடி பிளந்துச்சு. மூணாவது தொப்பை போட்டுக் குனிஞ்சுக்கிச்சு, அதுக்கு மாப்பிள்ளை பேரை வச்சாங்க. நாலாவதுக்கு வாய் பிடிக்கிற கட்டம் வந்துச்சு. "சுத்து"ன்னாங்க. நான் ஈரத்துணியைப் பிடிச்சேன், குனிஞ்சேன், பின்பக்கமா நடந்தேன். ஒரு சுத்து, ரெண்டு சுத்து, அஞ்சு சுத்து. தலை சுத்தலை. கால் இடறலை. இயா சிக்கிரா பேச்சை நிறுத்திட்டுப் பார்த்தாங்க. "புது ஆளுக ரெண்டாம் சுத்துல உக்காந்துடுவாங்க. இவ எங்க பழகினா?"ன்னு கேட்டாங்க.

எங்க பழகினேன்? முப்பத்தொரு வருஷமா வீட்டுல அவர் சக்கரம் இருக்குற இடத்தை நான்தான் சாணி போட்டு மெழுகுறேன். சக்கரத்துல கை படாம, ஒரு முழம் தள்ளி, குனிஞ்சபடியே பின்னால நகந்து நகந்து, அதைச் சுத்தி வட்டமா மெழுகுவேன். வாரத்துக்கு ரெண்டு தடவை. அது ஒரு பழக்கமாம்மா? மெழுகுறதை யாராவது கணக்குல சேர்ப்பாங்களா? ஆனா அதைச் சொன்னதும் இயா சிக்கிரா என் தோள்ல ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாங்க. ரெண்டு நாள் வலிச்சுச்சு.

பேத்தி பிறந்து நாலாம் நாள் தீ வச்சாங்க. பச்சை உடம்புக்காரியை விட்டுட்டுப் போனேன்னு நினைக்காதீங்க, ஒரு மணி நேரந்தான், சரி, ரெண்டு மணி நேரம். கோமதியே "போம்மா, நீ இங்க இருந்தா எனக்குத் தூக்கம் வராது"ன்னா. நாப்பது பானைக்கு நடுவுல என் பானை. தீ எரியும்போது உள்ளே டப்புன்னு ஒண்ணு வெடிச்சுச்சு. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. என் உயிர் என்கிட்ட இல்லை. கடைசியில வெடிச்சது இயா சிக்கிரா பானை. அவங்க தலையில அடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க. என்னோடதை அனலோட எடுத்து, பழுப்புத் தண்ணி விளாசி, ஆறினதும் தட்டினாங்க. டங்குன்னுச்சு. அந்தச் சத்தம் இருக்கே... சரி, விடுங்க.

எட்டாம் நாள் பேர் வச்சோம். யாழினின்னு நாங்க வச்சோம். இயா சிக்கிரா அபேக்கேன்னு ஒரு பேர் கூப்பிட்டாங்க. முற்றத்துப் பொம்பளைங்க எல்லாரும் ஒரே நிறத்துல உடுத்தி வந்திருந்தாங்க. மாப்பிள்ளை ஊருக்கு வீடியோ போட்டார். எங்க ஊர்ல அப்ப மத்தியானம் ரெண்டரை மணி. எங்க வீட்டுக்காரர் சக்கரத்துல உக்காந்திருக்கார். பேத்தியைப் பார்த்தார், கண் கலங்குச்சு, வெயில்னு சொல்லித் துடைச்சுக்கிட்டார். அதுக்குள்ள பொம்பளைங்க போனைச் சுத்தி நெருக்கியடிச்சுட்டாங்க. "இவரா? பானை செய்யுற ஆம்பளை இவரா? செய்யச் சொல்லு!"

அவருக்கா சொல்லணும்? சக்கரத்தைச் சுத்திவிட்டு ஒரு கலயம் எடுத்தார் பாருங்க, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள. குலவை போட்டுட்டாங்க எல்லாரும். ஒருத்தி, "கால் நல்லாத்தான் இருக்கு!"ன்னா. எனக்கு ஏன் அவ்வளவு பெருமையா இருந்துச்சுன்னு தெரியலை.

அப்பத்தான் இயா சிக்கிரா என் பானையைத் தூக்கிட்டு வந்து போனுக்கு முன்னால பிடிச்சாங்க. நான் அவர்கிட்ட ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கலை. சக்கரத்தைத் தொட்டாத்தானே சொல்லணும், தொடலையே, அப்ப சொல்ல ஒண்ணும் இல்லைன்னு இருந்துட்டேன். கோமதி சொல்லிட்டா: "அப்பா, இது அம்மா செஞ்ச பானை."

அவர் கை நின்னு போச்சு. முன்னால சக்கரம் தானாச் சுத்தி, மெதுவாகி, நிக்குது. "யாரு, உங்கம்மாவா?"ன்னார். நான் கதவுக்குப் பின்னால போயிட்டேன். இனி என்ன சொல்லுவாரோ, சனத்துல என்ன பேசுவாங்களோ, வீட்டுக்குள்ளயே விட மாட்டாரோ. கதவு இடுக்கு வழியாப் போனையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

"தட்டச் சொல்லு"ன்னார்.

கோமதி இங்கிலீஷ்ல சொல்றதுக்கு முன்னாலேயே இயா சிக்கிரா விரலை மடக்கித் தட்டிட்டாங்க. டங்.

அவர் காதைப் போன்கிட்டக் கொண்டு வந்தார். "இன்னொரு தடவை."

டங்.

அவர் பானையைப் பார்த்தார், பார்த்தார், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பார்த்துட்டுச் சொன்னார்: "வாய் கொஞ்சம் கோணல்."

கோமதி அதை இங்கிலீஷ்ல சொன்னா. பக்கத்துல நின்னு எனக்காகப் பேச வேண்டிய இயா சிக்கிரா, வாயைக் குனிஞ்சு பார்த்துட்டு, "ஆமா, இந்தப் பக்கம்"னு விரலை வச்சுக் காட்டுறாங்கம்மா! அவர் அங்கேயிருந்து, "அதேதான், அதேதான்"ங்கிறார். பாஷை தெரியாத ரெண்டு பேரும் என் பானையில குத்தம் கண்டுபிடிக்கிறதுல மட்டும் ஒண்ணு சேர்ந்துட்டாங்க. "இப்பத்தான் இந்த ஆளு பானைக்காரர்னு நம்புறேன்"னு வேற சொன்னாங்க அந்தம்மா.

நீங்களே சொல்லுங்க, மனசு ஆறுமா? முப்பத்தொரு வருஷத்துல அந்த மனுஷன் என்னை ஒரு குறை சொன்னதில்லை. சுமந்தா சுமந்தேன், மிதிச்சா மிதிச்சேன், ஒரு பேச்சு வந்ததில்லை. குறை சொல்றதெல்லாம் மத்தவங்க பானைக்குத்தான். அதுவும் எல்லார் பானைக்கும் சொல்ல மாட்டார். கத்துக்குட்டிகளோட பானையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நல்ல கைக்காரங்க, நாலு ஊர்ல பேர் வாங்கினவங்க செஞ்சதைத்தான் எடுத்துத் தட்டிப் பார்த்து, அடி கனம், கழுத்து ஒட்டலைம்பார். அவங்களுக்குச் சரி, தொழில்காரங்க. எனக்கு எதுக்கு?

என்னம்மா சிரிக்கிறீங்க? நான் ஒரு மனக்கஷ்டத்தைச் சொல்றேன்.

அன்னையிலிருந்து தினமும் போன். பேத்தியைக் கேக்கத்தான் கூப்பிடுறார்னு நினைச்சேன். பேத்தியை ஒரு வார்த்தை. மிச்சமெல்லாம் கேள்வி. "எத்தனை நாள் காய வச்ச? நடக்கும்போது உள்கை எங்க இருக்கும்? துணி எவ்வளவு ஈரம்? அடியை எதுமேல அடிச்ச?" போலீஸ் தோத்துச்சு. "பழைய பானையைக் கவுத்து அதுமேல அடிச்சேன், என் வாய்தான் கோணலாச்சே, எதுக்குக் கேக்குறீங்க?"ன்னு போனை வச்சுட்டேன். மறுநாள் கூப்பிட்டு, "சுத்தி நடக்க எத்தனை அடி இடம் வேணும்?"னார். ஆறடி போதும்னேன். போனை வச்சுட்டார்.

முந்தாநாள் என் நாத்தனார் பேச்சி கூப்பிட்டா. எங்களுக்கு அடுத்த வீடு அவ. "மதினி, அண்ணன் ஒரு மாதிரியா இருக்கார், சீக்கிரம் வாங்க"ன்னா. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு, என்னடீன்னு கேட்டேன். கொட்டகைக்குப் பின்னால குவிஞ்சு கிடந்த ஓட்டுச் சில்லையெல்லாம் தானே அள்ளிக் கொட்டினாராம். தரையை வட்டமா வெட்டி, மட்டம் பார்த்து, தண்ணி தெளிச்சு, சாணியைக் கரைச்சு அவரே குனிஞ்சு மெழுகினாராம்! மெழுகத் தெரியாம ஒரே திட்டுத் திட்டாம். நடுவுல பெரிய பழைய பானை ஒண்ணைக் கவுத்து வச்சிருக்காராம். எதுக்குண்ணேன்னு பேச்சி கேட்டிருக்கா. கோழி அடைக்கன்னு சொன்னாராம்.

எங்க வீட்டுல ஏதும்மா கோழி?